மாகஸ்தோட்ட ஹில் க்ளைம்புக்கு பைக் கொண்டுபோகிறவர்களுக்கு: குறையைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன் களைகட்டும். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊரே நிறைந்திருக்கும்போது, பைக் பிள்ளைகளின் கண் மாகஸ்தோட்டத் தேயிலை மலைக்குள் ஏறும் தார்ப் பாதையில் இருக்கும். அந்த ஹில் க்ளைம்ப், அதாவது மலைப்பாதையில் ஏறும் நேரப் பந்தயம், 1934இல் தொடங்கியது. நானுஓயாப் பக்கம் ரதல்லவிலும் இதே மாதிரி ஒரு ஏற்றம் உண்டு. இரண்டிலும் ஒருவர் போன பின் ஒருவராகக் கடிகாரத்தோடு மோதவேண்டும். சுற்றுப் பந்தயம் என்றால் இரண்டு சுற்று ஓடி வண்டியின் போக்கைப் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு இடமில்லை. ஓட்டம் குறுகியது, ப்ரெக்டிஸ் ஓட்டங்கள் கொஞ்சம், வெள்ளிக்கிழமை மாலைக்குள் தீராத குறை ஞாயிறு வரை கூடவே வரும்.

கொழும்பிலோ கண்டியிலோ பாட்டுப் பாடிய பைக் இங்கே முக்கினால் உடனே எஞ்சினைப் பிரிக்காதீர்கள். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், ஹட்டன் 1,270, நுவரெலியா 1,868. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். மேலே வந்தபின் தலைகாட்டும் குறைகளில் பெரும்பாலானவை இந்த மெல்லிய காற்றிலும், குளிரிலும், ஈரத்திலும் பிறக்கின்றன. ஆகவே ஸ்பானரைத் தொடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த பைக்கைக் கடைசியாக எந்த ஊரில் டியூன் செய்தார்கள்? குறை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, சூடான பின் வருகிறதா? கடைசியாகக் கழற்றிப் பூட்டியது எதை? ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். அதையும் ஒரு கொப்பியில், நேரத்தோடும் வானிலையோடும் எழுதி வையுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றி வண்டி நன்றாக ஓடினால்கூட எது மருந்து என்று தெரியாமல் போகும்.

"அண்ணே, முக்குது. முழுசா முறுக்குனா இழுக்க மாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை பிட்டில், அதாவது வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்தில், அதிகம் காதில் விழும் முறைப்பாடு இது. கார்பரேட்டர் (காற்றையும் பெற்றோலையும் கலக்கும் பாகம்) உள்ள பைக் என்றால் பத்தில் ஒன்பது தடவை பெற்றோல் கூடிப்போனதுதான் காரணம். பெற்றோல் பாயும் சிறு துளையான ஜெட், காற்று மெலிந்ததற்கேற்ப தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளாது. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் சரியாக இருந்த கலவை, நுவரெலியாவின் 15 பாகையில் ஏறக்குறைய 8 சதவீதம் செறிவாகிவிடும்.

ஆனாலும் ஊகித்து ஜெட் மாற்றாதீர்கள், சோதித்துப் பாருங்கள். முக்கும் இடத்திலேயே, கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். இன்னும் மோசமானால் பெற்றோல் அதிகம். தெளிந்து ஓடினால் பெற்றோல் குறைவு. அடுத்தது பிளக். புதிய பிளக் போட்டு, முழு முறுக்கில் ஓடி, அதே நிலையில் கிளட்ச்சைப் பிடித்துக் கில் சுவிட்சால் அணைத்து, தள்ளிக்கொண்டு வந்து கழற்றிப் பாருங்கள். ஸ்லோவில், அதாவது முறுக்காமல், உருட்டிக்கொண்டு வந்தால் பிளக் ஸ்லோவின் கதையைத்தான் சொல்லும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெளிறி, சிறு கொப்புளம் தெரிந்தால் குறைவு. ஈயம் கலக்காத பெற்றோலில் நிறம் மெதுவாகத்தான் ஏறும். அதனால் பீங்கானின் நுனியை விட அதன் அடிவேரில் விழும் வளையத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள்.

பெற்றோல் அதிகம் என்று உறுதியானதும், எந்தத் திறப்பில் என்று பிரிக்கவேண்டும். பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கால் வரை பைலட் ஜெட்டும் ஸ்க்ரூவும் ஆளும். காலிலிருந்து முக்கால் வரை நீடில் என்ற ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஹில் க்ளைம்பில் பாதி நேரம் முழு முறுக்கில்தான் கழியும், ஆகவே மெயின் ஜெட்டில் தொடங்குங்கள்.

எவ்வளவு குறைப்பது? இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குப் பிடிபடுவதில்லை. கெய்ஹின், மிகுனி இரண்டும் கார்பரேட்டர் செய்யும் கம்பனிகள். கெய்ஹின் மெயின் ஜெட்டில் பொறித்த இலக்கம் துளையின் விட்டம். 120 என்றால் 1.20 மில்லிமீற்றர். மிகுனியின் அறுகோணத் தலை ஜெட்டில் இருப்பதோ பாயும் பெற்றோலின் அளவு. 8 சதவீதம் பெற்றோல் குறைய மிகுனியில் 120ஐ 110 ஆக்கவேண்டும். கெய்ஹினில் அதே பலனுக்கு விட்டத்தில் 4 சதவீதம் போதும், அதாவது 115. கெய்ஹினிலும் 110 போட்டால் எஞ்சின் பெற்றோல் இல்லாமல் கொதிக்கும். இவை தொடக்கப் புள்ளிகள்தான். கடைசித் தீர்ப்பை பிளக்கிடம் கேளுங்கள்.

ஸ்லோவில் கறகறவென்று ஓடினால் ஸ்க்ரூவைத் தொடலாம். முதலில் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். எயார் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெற்றோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் செறியும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

எயார் ஃபில்டரைக் கழற்றி எறிந்து கலவையை மெலிய வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தோட்டப் பாதையின் மண்தூள் நேராக சிலிண்டருக்குள் போகும். பந்தயம் முடிந்து பிஸ்டனைப் பார்த்தால் கீறல் தெரியும். ஜெட்டுக்குக் கொடுக்கும் காசு பிஸ்டன் செட்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

கார்பரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெற்றோலைப் பீச்சும் எஃப்ஐ பைக்கில் இந்தத் தலைவலி குறைவு. அழுத்த சென்சர் காற்றைப் பார்த்துப் பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் முக்கினால் அந்த சென்சரின் குழாயும் கனெக்டரும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். கடல்மட்டத்தில் மேப்பை (பெற்றோல் அளவைச் சொல்லும் கணினிப் பதிவை) மாற்றிய வண்டியானால் பழைய மேப்பைப் போட்டு ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.

"முக்கல்ல, சுத்தமா ஓடுது. ஆனா டைம் வர மாட்டேங்குது."

கலவை சரியான பின்னும் பலம் குறைந்தே இருக்கும். உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு என்றால் பலமும் அந்த அளவுக்கு இறங்கும். எந்த டியூனும் இதைத் திருப்பித் தராது. செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்தான் கைகொடுக்கும். கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது இரண்டாம் கியர் தொய்கிறது, முதலாம் கியர் கத்துகிறது என்றால் பின் ஸ்ப்ரொக்கெட்டில் பல் கூட்டுங்கள். 14க்கு 42 ஓடும் வண்டியில் முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றே. நான் பின்னால்தான் மாற்றுவேன். ஒவ்வொரு பல்லாகக் கூட்டிப் பார்க்கலாம், செயினும் சிறிய சக்கரத்தில் இறுக்கி மடங்காது. மாற்றியபின் செயின் தொய்வை ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் மறுபடி அளக்கவேண்டும்.

"காலையில ஸ்டார்ட் ஆகல."

குளிரில் பெட்டரி சோர்ந்துவிடும், எண்ணெய் தடிக்கும். இரவில் பெட்டரியைக் கழற்றி அறைக்குள் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிளக் பெற்றோலில் நனைந்திருந்தால் கழற்றிக் காயவைத்து, முழுதாக முறுக்கிப் பிடித்தபடி சில தரம் உதையுங்கள், அல்லது தள்ளி ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆத்திரத்தில் முறுக்கவேண்டாம். எஞ்சின் உறை கையில் நன்றாகச் சுடும்வரை மிதமாக ஓடட்டும்.

"நல்லாதான் ஏறுச்சு, பாதியில அணைஞ்சிருச்சு."

மூன்று காரணங்கள் ஒரே முகத்தோடு வரும். பிரித்தறிய வழி இருக்கிறது.

அணைந்தவுடன் டாங்கி மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டு, பின் ஸ்டார்ட் ஆனால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. மழைக்கு மூடியின் மேல் பொலித்தீன் சுற்றி வைத்தாலும் இதே வரும்.

சத்தமில்லை என்றால் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்துப் பெற்றோலை ஒரு கண்ணாடிக் கிளாசில் இறக்கிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக அடியில் உருளும். அரை டாங்கியோடு பைக்கை வெளியில் விட்டால் இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் ஈரக்காற்று வியர்த்துச் சொட்டும். எடை வேண்டாமென்று டாங்கியைக் காலியாக வைத்திருப்பவர்கள் இரவுக்கு மட்டும் நிரப்பி, காலையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டும் இல்லை, ஐந்து நிமிடம் சும்மா நின்றபின் எதுவும் தொடாமலே ஓடுகிறது, அதுவும் மூடுபனிக் காலையில் மட்டும் இப்படி என்றால், கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி பிடித்திருக்கலாம். பெற்றோல் ஆவியாகும்போது தொண்டைப் பகுதி குளிர்ந்து, ஈரம் அங்கேயே உறையும். நின்றால் எஞ்சின் சூட்டில் கரைந்துவிடும், அதனால் பிட்டுக்கு வந்து தேடினால் தடயமே இருக்காது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி வரிசையில் நிற்பதும், ஸ்டார்ட்டுக்கு முன் நீண்ட நேரம் சிறு திறப்பில் ஓட்டாமல் இருப்பதும்தான் பரிகாரம்.

பாதையில் வண்டி நின்றுவிட்டால் அங்கே வைத்துப் பிழை தேடவே கூடாது. வண்டியை ஓரம் தள்ளி, வளைவின் வெளிப்பக்கத்தை விட்டு விலகி, மேட்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கொடி பிடித்திருக்கும் மார்ஷல் கைகாட்டும்வரை உதவிக்கு நிற்கும் தம்பிமாரும் பாதையில் கால் வைக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடம்விலகி ஆட்கள் நின்ற பக்கம் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தார்கள். மலையகத்தில் பந்தயம் பார்க்கவோ உதவவோ போகிற எல்லோரும் எங்கே நிற்கிறோம் என்பதை அந்த நாளை மனதில் வைத்து முடிவு செய்யவேண்டும்.

"முதல் வளைவுலயே பின்சக்கரம் வழுக்குது."

முதலில் அழுத்தமானி. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 30 பீஎஸ்ஐ அடித்த டயரை இங்கே 10 பாகை விடியலில் அளந்தால் அதே 30 காட்டும். உள்ளே குளிரால் குறைந்த அழுத்தமும் வெளியே உயரத்தால் குறைந்த அழுத்தமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். 'காற்று இறங்கவில்லை' என்று திருப்தியோடு வரிசைக்குப் போவோம். ஆனால் டயர் 40 பாகைக்குச் சூடேறினால் கொழும்பில் 31½ காட்டியிருக்கும் அதே டயர் இங்கே 34½ காட்டும். மூன்று பீஎஸ்ஐ கூடுதல் என்பது சிறிய பைக்குக்குப் பெரிய விஷயம். ஆகவே மேலே வந்தபின், அன்றைய காலையில், ஒரே மானியால் அளந்து வையுங்கள்.

பிறகு டயரின் முகத்தைப் படியுங்கள். ஆழமாக, முரட்டுத்தனமாகக் கிழிந்திருந்தால் டயர் சூடேறாமலே இழுபட்டிருக்கிறது. ஒன்றோ இரண்டோ பீஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். மேற்பரப்பு மெல்லிதாக உருகி அரைபட்ட மாதிரி இருந்தால் அழுத்தத்தைக் கூட்டவேண்டும், ஆனால் இந்தக் குளிரில், இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் அது அபூர்வம். சுற்றுப் பந்தயத்துக்கென்று செய்த டயர் சூடேறினால்தான் பிடிக்கும். இங்கே அது சூடாகுமுன் முடிவுக் கோடு வந்துவிடும். டயரைச் சூடாக்கும் வோர்மரும் ஜெனரேட்டரும் கொண்டுவர வசதியில்லாத எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல மிருதுவான ரோட் டயரே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. வரிசைக்குப் போகும்போது பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டுவதால் டயர் அவ்வளவாகச் சூடாகாது. நேர்ப்பாதையில் பலமாக இழுத்து, பலமாக பிரேக் பிடித்தால் அதைவிடச் சூடேறும். ஸ்டார்ட் கோட்டுக்கு வந்ததும் சாக்குத் துண்டால் டயரைத் துடைக்க ஒரு தம்பியை நிறுத்துங்கள்.

டயரில் குறையில்லை என்றால் பாதையைப் பாருங்கள். காலையில் நடந்தே மேலே ஏறிவிட்டு வாருங்கள். நான்கு நாள் வெயிலிலும் காயாத வளைவு எது, பாசி பிடித்த ஓரம் எது, கொழுந்து லொறி மண்ணைக் கொண்டுவந்து போட்ட இடம் எது என்று கால்தான் சொல்லும். ஏப்ரலில் பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு மழை வருவது இங்கே வழக்கம். ஆகவே நல்ல டைம் எடுக்கவேண்டியது காலை ஓட்டத்தில். பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்கையும் உடம்பையும் காலையில் அரைமனதோடு ஓட்டினால் பின்னேரம் மூடுபனிதான் கிடைக்கும்.

"ஹேண்டில் உதறுது."

முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி தட்டினால் ஸ்டியரிங் பெயரிங் போய்விட்டது, மாற்றாமல் ஓடவே கூடாது. ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது டொக் என்றால் நட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் சரியானால், மட்டமான சுற்றுப் பாதைக்கு இறுக்கிய சஸ்பென்ஷன் தோட்டப் பாதையின் ஒட்டுப் போட்ட தாரில் துள்ளுகிறது என்று அர்த்தம். இளக்குங்கள். விடியலில் ஃபோர்க் எண்ணெயும் தடித்திருக்கும். காலை ஆறு மணிக்கு இறுக்கமாகத் தெரிவதை வைத்து எதையும் மாற்றவேண்டாம்.

"சத்தம் மட்டும் ஏறுது, வண்டி நகர மாட்டேங்குது."

கிளட்ச் வழுக்குகிறது. கேபிளில் சிறு விளையாட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹேண்டிலை முழுதாகத் திருப்பிய நிலையிலும் அது இருக்கவேண்டும். அடுத்து எண்ணெய். கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும், எண்ணெயில் மூழ்கி ஓடும் ஈரக் கிளட்ச் அதில் வழுக்கும். டின்னில் ஈரக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்கிறதா பாருங்கள். ஏற்றத்தில் ஸ்டார்ட் எடுப்பதால் சமதரையில் தாங்கிய பழைய தட்டு இங்கே கைவிட்டுவிடும்.

"பிரேக் லிவர் உள்ளே போகுது" அல்லது "பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது"

இரண்டும் வேறு வேறு நோய். பந்தயப் பேட் குளிரில் கடிக்காது. முதல் வளைவில் கல் மாதிரி இருந்து பின் சரியானால் ரோட் பேட்டுக்கு மாறுங்கள். லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போனால் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பிரேக் எண்ணெய் ஈரம் குடித்திருக்கிறது. டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலையில்லை, சூடேறுவது ஓட்டம் முடிந்து கீழே திரும்பி வரும்போதுதான். பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்காமல் சிறிய கியரில் எஞ்சினிடம் வேலை வாங்குங்கள்.

"முன்னால ஒன்னுமே தெரியல."

வைசரில் மூச்சு படிந்தால் ஓட்டவே கூடாது. மூச்சு படியாமல் தடுக்கும் பின்லொக் தகடு இருந்தால் போடுங்கள். இல்லையேல் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியை உட்புறம் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். கறுப்பு வைசரைக் காலை வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தெளிவானதைக் கையோடு எடுத்து வாருங்கள். விரல் விறைத்தால் கிளட்ச்சும் பிரேக்கும் அரை நொடி தாமதமாகும். வரிசையில் நிற்கும்போது கையுறையைக் கழற்றி எஞ்சின் பக்கம் பிடியுங்கள். கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதல் நாள் மூச்சு வாங்கும், தலை கனக்கும். வெள்ளிக்கிழமையே வந்து தூங்கி எழுங்கள். குளிரில் தாகம் தெரியாது, அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஹெல்மெட் போட்டால் உடம்பு ஒத்துழைக்கும்.

"ஸ்க்ருட்டினியரிங்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

ஓட்டத்துக்கு முன் வண்டியையும் உடைகளையும் பரிசோதிப்பதுதான் ஸ்க்ருட்டினியரிங். திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் சிறிய காரணங்கள்தான்: எண்ணெய் இறக்கும் போல்ட்டுக்கு கம்பி கட்டவில்லை, எக்ஸிலேட்டர் தானாகத் திரும்பி மூடவில்லை, லிவரின் நுனியில் உருண்டை இல்லை, கில் சுவிட்ச் வேலை செய்யவில்லை, ஹெல்மெட் பட்டை நைந்துவிட்டது. விதித்தாளை வீட்டிலேயே வரிவரியாகப் படித்துவிட்டு வாருங்கள். பரிசோதிப்பவரோடு வாதாடி நேரத்தைக் கரைக்காமல், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு ஓடுங்கள். ஒருவரின் வண்டி சிந்தும் எண்ணெய்யில் அடுத்து வருபவர்தான் விழுவார், அந்தக் கம்பி அவருக்காகத்தான்.

ஞாயிறு மாலை, கீழே இறங்கும் முன்

நுவரெலியாவுக்கென்று சிறிதாக்கிய ஜெட்டோடு கார்பரேட்டர் பைக்கைக் கம்பளைக்கோ கித்துல்கலைக்கோ ஓட்டிக்கொண்டு இறங்கினால், ஒவ்வொரு வளைவிலும் காற்று அடர்ந்துகொண்டே போகும், பெற்றோல் போதாமல் போகும். அறிகுறிகள் இவை: எக்ஸிலேட்டரை விடும்போது சைலென்சரில் பட்பட்டென்று வெடிப்பது, எஞ்சின் வழக்கத்தை விட அனலடிப்பது, ஏற்றத்தில் முறுக்கினால் உள்ளே சில்லறை குலுங்குகிற மாதிரி ஒலிப்பது. அந்தச் சில்லறைச் சத்தம் கேட்டால் உடனே எக்ஸிலேட்டரைத் தளர்த்தி நிறுத்துங்கள், பிஸ்டன் உருகத் தொடங்குமுன் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை அது. மேலே அழுத்தம் குறைவாக இருந்ததால் 92 ஒக்டேன் பெற்றோலிலும் தட்டாமல் ஓடியிருக்கும், கீழே அதே நிலை இருக்காது.

பைக்கை பட்டா லொறியில் ஏற்றிக்கொண்டு போனாலும் இதைத் தள்ளிப்போடவேண்டாம். வீட்டில் இறக்கிய மறுநாள் யாராவது ஒரு ரவுண்ட் எடுத்துப் பார்ப்பார்கள். கழற்றிய பழைய ஜெட்டைக் குட்டிப் பொலித்தீன் பையில் போட்டு, இலக்கம் எழுதி, சாவிக் கொத்திலேயே கட்டி வையுங்கள். பிட்டை விட்டுக் கிளம்புமுன், எஞ்சின் ஆறிய பின், அதைத் திரும்பப் பூட்டி ஸ்க்ரூவையும் பழைய சுற்றுக்குக் கொண்டுவாருங்கள்.